கடைசிக் கண்ணாடியில் இருந்த கை

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. என் கணவருக்கும் கிடையாது. எனக்காவது இருட்டில் கொஞ்சம் பயம் உண்டு, அவருக்கு அதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எடுத்தாலே என் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள், அம்மாவுக்கு வயசாகிவிட்டது என்று. வயசானது உண்மைதான். ஆனால் நடந்தபோது நான் இளவட்டம். கண்ணும் காதும் நன்றாகவே வேலை செய்த காலம்.

நான் பிறந்தது ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில். மாலையானால் ஜெபமாலை, நவம்பரில் கல்லறைத் திருநாள், மோட்சம் சேருமுன் உத்தரிக்கிற ஸ்தலத்தில் தவிக்கும் ஆத்துமாக்களுக்கு மெழுகுவத்தி என்று வளர்ந்தவள். என் தம்பி ஒருவன் சின்ன வயதில் தொண்டை அடைப்பானில் போய்விட்டான். அவன் குழிமேல் வருஷம் தவறாமல் நான்தான் மெழுகுவத்தி வைப்பேன். காற்றில் அணையாமல் இருக்கக் கையை வளைத்துப் பிடித்துக்கொண்டு, உருகி முடிகிறவரை உட்கார்ந்திருப்பேன்.

ராஜா ஆட்சி முடிந்து புதுக்கோட்டை சர்க்காரோடு சேர்ந்த சமயத்தில் நான் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். அங்கே வந்துபோன உபதேசியாரைக் கட்டிக்கொண்டேன். உபதேசியார் என்றால் பாதிரியார் இல்லை. ஊர் ஊராகப் போய் வேதம் சொல்லிவிட்டு, வெயிலை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிற உத்தியோகம். அவர் மூன்று தலைமுறையாகச் சீர்திருத்த சபைக்காரர். மிஷன் விடுதியிலேயே வளர்ந்தவர். என் அப்பா கல்யாணத்துக்கு வரவில்லை. திருச்சபையை விட்டு விலகின பதிதனுக்குக் கழுத்தை நீட்டினவள் என்று என் பெரியம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அவர் வீட்டில் மாதா படம் கிடையாது, மெழுகுவத்தி கிடையாது. முதல் நவம்பரில் நான் தம்பியை நினைத்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“செத்தவங்க ஆண்டவர் கையில இருக்காங்கம்மா. அங்க இல்லாத வெளிச்சமா? ஒன் மெழுகுவத்தி அங்க எதுக்கு?”

“வெளிச்சம் அவனுக்கில்லங்க, எனக்கு” என்றேன்.

அப்படிச் சொல்லிவிட்டேன். ஆனாலும் நான் ஏற்றவில்லை. அவர் மனசு கோணக் கூடாது என்றுதான் ஏற்றவில்லை. அதில் எனக்கு வருத்தமும் உண்டு, கோபமும் உண்டு. இரண்டும் இன்னும் போகவில்லை.

சபையில் ஒரு மேஜிக் லாந்தர் இருந்தது. ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரப் பாதிரியார் விட்டுவிட்டுப் போனது. கறுப்புத் தகரப் பெட்டி, உள்ளே மண்ணெண்ணெய் விளக்கு, முன்னால் ஒரு தடித்த கண்ணாடிக் குழல். சாயம் தீட்டிய கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகச் செருகினால், எதிரே கட்டிய வெள்ளை வேட்டியில் படம் பெரிதாக விழும். எல்லாமே சபையைத் திருத்தப் புறப்பட்ட பழைய ஆட்களின் கதைகள். அவர் விளக்கைப் பார்த்துக்கொள்வார், நான் வேட்டிக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்வேன். அவருக்குத் தொண்டை மெல்லியது. எனக்கு டீச்சர் தொண்டை. பொம்பளை பேசினால் பொம்பளைகளும் வந்து உட்காருவார்கள் என்பது இன்னொரு காரணம்.

முதல் கண்ணாடியில் ஒரு வாலிபன் இடி மழையில் தரையோடு தரையாகக் கிடப்பான். உயிர் பிழைத்தால் சாமியாராகிறேன் என்று அந்தப் பயத்தில் நேர்ந்துகொண்டு, அப்படியே ஜெர்மனியில் ஒரு மடத்தில் சேர்ந்தவன். அடுத்ததில் அவனே மொட்டைத் தலையும் அங்கியுமாக, எத்தனை நோன்பு இருந்தும் குருவிடம் எத்தனை பாவசங்கீர்த்தனம் செய்தும் மனசு ஆறாமல் உட்கார்ந்திருப்பான். அப்புறம், விசுவாசத்தால்தான் மனிதன் நீதிமானாகிறான், நோன்பாலும் நேர்ச்சையாலும் இல்லை என்று வேதத்தில் வாசித்து அவன் முகம் தெளிகிற படம். பாவமன்னிப்புச் சீட்டு விற்றவர்களை எதிர்த்துக் கோயில் கதவில் காகிதம் அடிக்கிற படம். கோட்டைக்குள் ஒளிந்துகொண்டு வேதத்தை ஊர்ப் பாஷையில் எழுதுகிறபோது சுவரில் பிசாசின் நிழல் விழுகிற படம். பிசாசை வரைந்தவன் கெட்டிக்காரன். சாமியாரைப் பார்த்து ஒருத்தரும் அசையமாட்டார்கள், பிசாசு வந்ததும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பிறகு இங்கிலாந்துக் கதைகள். வேதத்தை இங்கிலீஷில் மொழிபெயர்த்ததற்காக ஒருவரைக் கழுத்தை நெரித்துக் கொன்று எரித்தார்கள். இன்னொருவர் செத்துப் பல வருஷம் கழித்துக் குழியைத் தோண்டி, எலும்பை எடுத்து எரித்து, சாம்பலை ஆற்றில் கொட்டினார்கள். நான் இதைக் கொடுமை என்று தழுதழுத்த குரலில் சொல்வேன். கூட்டத்திலிருந்து யாராவது, “ஆத்துலதான கரைச்சிருக்காக, நல்ல காரியந்தானம்மா” என்பார்கள். என் கணவர் இருட்டில் இருமுவார்.

கடைசிக் கண்ணாடி ஒரு பெரிய பிஷப்புடையது. வெள்ளைத் தாடி. புனிதர்களிடம் வேண்டக் கூடாது, உருவங்களுக்கு முன் விழக் கூடாது, இடையில் நின்று பரிந்துபேச ஆண்டவர் ஒருவரே போதும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர். ராஜா போய் ராணி வந்ததும் அவரைப் பிடித்து அடைத்தார்கள். உயிருக்குப் பயந்து, தான் சொன்னதெல்லாம் தப்பு என்று கையெழுத்துப் போட்டார். அப்படியும் விடவில்லை. எரிக்கக் கொண்டுபோன நாளில், கையெழுத்துப் போட்டதுதான் பொய் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, அதைப் போட்ட வலது கையைத் தானே முதலில் தீயில் நீட்டினார். அந்தப் படம்தான் அது. தூணோடு கட்டிய கிழவர், சுற்றிலும் தீ, நீட்டிய வலது கை. மணிக்கட்டில் அறுந்த சங்கிலி வளையங்கள். விளக்குத் திரி ஆடினால் தீயும் ஆடும். கண்ணாடியை எடுத்த பிறகும் அந்த உள்ளங்கை மட்டும் கொஞ்ச நேரம் வேட்டியில் நிற்கும். நம் கண்ணின் கோளாறு அது என்று அவர் எனக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறார். நானும் சரி என்று தலையாட்டியிருக்கிறேன்.

கொடும்பாளூருக்குத் தெற்கே, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளிப் போனால் ஒரு சின்ன ஊர். கண்மாய், பனை, செம்மண், பாறை. அந்த ஊரில் முதல் தடவை லாந்தரைக் கட்டியபோது பொழுது விழுந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. சாம்பலை ஆற்றில் கொட்டுகிற படம் வேட்டியில் இருந்தது. நான் அதைச் சொல்லி முடிக்கவில்லை. கூட்டத்தின் நடுவிலிருந்து ஓர் ஆண் குரல் நிதானமாகச் சொன்னது:

“அடுத்து அவரு கைய வைப்பாரு.”

நான் கதையைப் பாதியில் நிறுத்தினேன். அந்த வட்டாரத்தில் அதற்கு முன் நாங்கள் எங்கேயும் லாந்தர் கட்டவில்லை. கடைசிக் கண்ணாடி இன்னும் தாளில் சுற்றியபடி என் கணவர் மடியில் இருந்தது. அதைச் செருகினார். கை வேட்டியில் விழுந்தது. வழக்கமாக அந்த இடத்தில் பெண்கள் உச்சுக் கொட்டுவார்கள். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. பிள்ளைகள்கூட அழவில்லை. வேட்டியை அவிழ்க்கும்போது நான் துணியில் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. பகல் சூடு இன்னும் இறங்கவில்லை என்றார் அவர். வேட்டியின் மற்ற இடங்கள் சில்லென்று இருந்ததை நான் சொல்லவில்லை.

குரல் வந்த இடத்தில் இருந்தவரைக் கண்டுபிடித்தேன். கண்மாய்க் கரையில் குடிசை போட்டிருந்த விவசாயி. பெண்டாட்டி இல்லை. நாலைந்து வயதில் ஒரே பெண் குழந்தை, தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“நான் எங்கம்மா பேசுனேன்?” என்றார். “நான் வாயே தொறக்கலியே.”

பக்கத்தில் இருந்தவர்களும் அவர் பேசவில்லை என்றார்கள். யாருமே பேசவில்லையாம். என் கணவரும் குரலைக் கேட்கவில்லை. கேட்டது நான் ஒருத்திதான்.

பிறகு அந்த விவசாயி, “அந்தக் கையி எங்க ஊருலதாம்மா இருக்கு. வாங்க, காட்டுறேன்” என்று முன்னால் நடந்தார். அரிக்கேன் விளக்கோடு பின்னால் போனோம். கண்மாய்க் கரையில் ஆலமரத்தடியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் சாய்ந்து நின்றது. கல்லில் ஒரு தூண் செதுக்கியிருந்தது. தூணிலிருந்து ஒரு வலது கை முளைத்து, முழங்கையில் மடங்கி, உள்ளங்கையை விரித்துக் காட்டியது. ஆள் இல்லை, முகம் இல்லை. கை மட்டும்.

என் கணவருக்கு அது என்னவென்று தெரியும். புருஷன் சிதையில் இறங்கிய பெண்ணுக்கு அந்தக் காலத்தில் நட்ட கல். “மணிக்கட்டப் பாருங்க, வளையல் இருக்கு. இது பொம்பளக் கை” என்றார்.

விவசாயி குனிந்து பார்த்தார். “வளையலா? சங்கிலியில்லீங்களா இது? படத்துல பாத்தமே.”

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். இத்தனை காலமாக யார் கை என்று தெரியாமல் கும்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். உபதேசியார் வந்து ஆள் யாரென்று சொல்லிவிட்டாராம். அந்த மனுஷர் கடலுக்கு அப்பால் இங்கிலாந்தில் எரிந்தவர் என்று என் கணவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அநியாயமாகச் செத்தவர்களுக்கு ஊர் ஏது, நாடு ஏது என்று கேட்டார்கள். அடுத்த தடவை போனபோது கல்லுக்கு எண்ணெய் பூசிச் சிவப்புத் துணி கட்டியிருந்தது. கையடியில் சேவல் இறகு கிடந்தது. உருவங்களுக்கு முன் விழாதே என்று சொன்னதற்காகச் செத்த மனிதருக்கு ஒரு கல் கிடைத்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. என் கணவர் அன்றிரவு சாப்பிடவில்லை.

அந்த விவசாயிதான் கல்லுக்குப் பூசாரி மாதிரி ஆகிப்போனார். ஏன் என்பதை அவரே ஒருநாள் எங்களிடம் சொன்னார். முன்பு ஊரில் ஒரு கேஸ் நடந்தது. பெரிய மனுஷர்களுக்குப் பயந்து, சொந்த அண்ணனுக்கு எதிராகப் பொய்ச் சாட்சிக் காகிதத்தில் கைநாட்டு வைத்துவிட்டார். அண்ணன் ஜெயிலுக்குப் போய் அங்கேயே செத்தான்.

“நீங்க அந்தக் கதைய என்னைய வச்சித்தானம்மா சொன்னீங்க” என்றார் என்னிடம். “அந்தப் பெரியவரு கைய அவரே குடுத்துட்டாரு. நான் குடுக்கல. அவரு என் கையத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறாரு.”

ஆண்டவர் மன்னிப்பார், நாம் ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை, நமக்குப் பதிலாக ஒருவர் ஏற்கெனவே சிலுவையில் கொடுத்துவிட்டார் என்று என் கணவர் அவரிடம் மணிக்கணக்கில் பேசினார். அவர் மரியாதையாகக் கேட்டார். கேட்டுவிட்டு எழுந்துபோய்க் கல்லுக்கு எண்ணெய் வைத்தார். நாங்கள் அந்த ஊரில் லாந்தரை நிறுத்திவிட்டோம். அப்புறம் ஒருநாள் சாலையில் போன என்னை ஒரு பெண் நிறுத்தி, நேற்றுப் பொழுது சாய்ந்ததும் ஆலமரத்தடியில் படம் காட்டினீர்களே, ஏன் கூப்பிடவில்லை என்று கோபித்துக்கொண்டாள். தீ தெரிந்ததாம், கை தெரிந்ததாம். பெட்டி எங்கள் வீட்டுப் பரண்மேல் இருந்தது. நானே ஏறிப் பார்த்துவிட்டு வந்தேன்.

கோடையில் ஒருநாள், காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது, அந்தக் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று ஆள் வந்து சொன்னான். நான் பதறிப்போய் என் கணவரோடு கிளம்பினேன். கூண்டு வண்டி ஒன்று கிடைத்தது. போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். குழந்தை வீட்டில் இல்லை. கல்லடியில் கோணிச் சாக்கில் கிடந்தது. கழுத்து இரண்டு பக்கமும் வீங்கி, ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குள் கூழாங்கல் உருளுகிற மாதிரி சத்தம். வாயைத் திறந்து பார்த்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில் ஆடை படிந்திருந்தது. அந்த நாற்றம் எனக்குத் தெரியும். என் தம்பி வாயிலிருந்து வந்த நாற்றம்.

“தொண்டை அடைப்பான். இப்பவே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா ஊசி இருக்கு, பிழைச்சுக்கும்” என்று கத்தினேன். “சாயங்காலம்வரை தாங்காது.”

விவசாயி குழந்தைக்கும் எங்களுக்கும் நடுவில் வந்து நின்றார். அவர் அழவில்லை. அது எனக்கு அழுகையைவிடப் பயமாக இருந்தது.

“கல்லடியவிட்டு எடுத்தா அவரு இவளக் கொண்டுபோயிருவாரு. என் கையி குடுக்காததுக்குத்தான் கேக்குறாரு. இங்கயே கெடக்கட்டும், எறங்கி வருவாரு.”

“அவரு இங்க இல்லய்யா!” என் கணவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். “அந்தக் கல்லுல அவரு இல்ல. அவரு செத்தது வேற தேசத்துல. ஒங்க பிள்ளைய அவரு ஏன் கேக்கப் போறாரு?”

“அப்ப சூடத்த அணைச்சுச் சொல்லுங்க” என்றார் விவசாயி.

நம் பக்கத்தில் இது தெரியாதவர்கள் இருக்கமாட்டார்கள். சாமிக்கு முன் சூடத்தைக் கொளுத்தி, உள்ளங்கையால் படாரென்று அடித்து அணைத்து, நான் சொல்வது சத்தியம் என்பார்கள். பொய் சொன்னவன் கை வெந்துபோகும் என்பது நம்பிக்கை. அப்படிச் சத்தியம் செய்துவிட்டால் அப்புறம் பேச்சு கிடையாது. விவசாயி மட்டுமில்லை, கூடியிருந்த ஊர் முழுக்க அதற்குக் கட்டுப்படும். குழந்தையைத் தூக்க விடுவார்கள்.

என் கணவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. கல்லுக்கு முன் சத்தியம் செய்வது என்றால் கல்லைச் சாமி என்று ஒப்புக்கொள்வது. அதற்கு ஒப்புக்கொள்ளாமல் எரிந்துபோனவர்களின் கதையைத்தான் வருஷக்கணக்காக நாங்கள் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினோம். மறுத்தால் அந்தக் குழந்தை எங்கள் கண்முன்னால் மூச்சு அடங்கிச் சாகும். குழந்தையின் தொண்டைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு தடவை அது நின்று, நெஞ்சு உள்வாங்கி, மறுபடி வந்தது.

“கொளுத்துங்க” என்றார்.

விவசாயி கல்லின் கைக்குக் கீழே, மேடையாக இருந்த பாறையில், பொட்டலத்தில் இருந்த சூடம் அத்தனையையும் கொட்டிக் குச்சியைக் கிழித்துப் போட்டார். நல்ல வெயில். தீ கண்ணுக்கே தெரியவில்லை. பாறைக்கு மேல் காற்று மட்டும் நடுங்கியது. அந்த நடுக்கத்துக்குப் பின்னால் கல்லில் இருந்த கையும் நடுங்கியது, விரல்கள் மடங்குவதும் விரிவதுமாக. வெக்கைக்குப் பின்னால் எதுவும் அப்படித்தான் அசைந்து தெரியும். எனக்குத் தெரியும். கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஓரடி பின்னால் போனார்கள்.

சூடத்தை அடித்துத்தான் அணைக்க வேண்டும். அடித்த வேகத்தில் கையை எடுத்துவிட வேண்டும். நம் ஊர்ச் சிறுபிள்ளைக்கும் தெரிந்த விஷயம். மிஷன் விடுதியில் வளர்ந்த என் கணவர் பிறந்ததிலிருந்து சூடத்தைத் தொட்டதில்லை. அவர் மண்டி போடவில்லை, குனிந்தார். வலது கையை நீட்டினார். வேதப் புத்தகத்தின்மேல் வைக்கிற மாதிரி மெதுவாக, உள்ளங்கை பதிய, வைத்தார். வைத்தபடியே பேசினார்.

“இந்தக் கல்லுல அவரு இல்ல. இது யாரோ ஒரு பொம்பளையோட கல். இந்தப் பிள்ளைய யாரும் கேக்கல. இது சத்தியம்.”

முழுசாகச் சொல்லி முடிக்கிறவரை கையை எடுக்கவில்லை. அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. வேட்டியில் எத்தனையோ தடவை நான் பார்த்த முகம் அது. அப்புறம்தான் வாடை வந்தது. நான் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். உருகிய சூடம் உள்ளங்கையில் ஒட்டி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. என் முந்தானையால் சுற்றினேன்.

கூட்டத்தில் யாரோ, “கையி வெந்துருச்சு! பொய்ச் சத்தியம்!” என்று கத்தினார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. கை வெந்தால் பொய் என்று அர்த்தம். அவர் மனசாட்சியையும் கொடுத்து, கையையும் கொடுத்து, குழந்தையும் கிடைக்கப்போவதில்லை என்று நினைத்தேன்.

விவசாயி என் முந்தானையை விலக்கி அந்தக் கையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கல்லைப் பார்த்தார். அவர் முகம் இளகியது.

“போதும்” என்றார். “அவரு கேட்ட கையி கெடச்சிருச்சு. எங் கையிக்குப் பதிலா உபதேசியாரு குடுத்துட்டாரு. இனிமே எம் பிள்ளைய ஒண்ணும் செய்யமாட்டாரு. தூக்குங்கம்மா, தூக்குங்க!”

குழந்தையை நான்தான் தூக்கினேன். மெயின் ரோடுவரை வண்டியிலும் அப்புறம் லாரியிலும் புதுக்கோட்டை போகிறவரை அதை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்திருந்தேன். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். தொண்டைக்குக் கீழே துளை போட்டு ஒரு குழாய் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டது. டாக்டர் குழந்தையைப் பார்த்துவிட்டு என் கணவர் கையைப் பார்த்து, இது எப்படி என்று கேட்டார். விளக்கு கவிழ்ந்துவிட்டது என்று நான் முந்திக்கொண்டேன். என் கணவர் மறுத்துப் பேசவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பேசினார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு திண்டில் சாய்ந்திருந்தார்.

“நான் சொன்னத ஒருத்தர்கூட நம்பல, பாத்தியா” என்றார். “ஒருத்தருக்குப் பதிலா ஒருத்தர் குடுத்துட்டார்னு இத்தன வருஷம் கத்துனேன். கேக்கல. இன்னைக்குப் புரிஞ்சுக்கிட்டாங்க. புரிஞ்சது எல்லாம் தலைகீழா.”

“பிள்ளை பிழைச்சிருச்சுல்ல” என்றேன்.

“பிழைச்சிருச்சு” என்றார். பிறகு அழுதார். சத்தமில்லாமல், இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. சந்தோஷத்திலா துக்கத்திலா, எனக்குத் தெரியவில்லை. எனக்கு அவர்மேல் அதுவரை இருந்த கோபத்தில் பாதி அன்றைக்குப் போனது.

சபையில் விசாரித்தார்கள். கல்லுக்கு முன் சத்தியம் செய்தீரா என்று போதகர் கேட்டார். செய்தேன் என்றார். தப்பு என்று ஒத்துக்கொள்கிறீரா என்றார். தப்புதான், ஆனால் மறுபடி அப்படி ஒரு குழந்தை கிடந்தால் மறுபடியும் செய்வேன் என்றார். லாந்தரைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். உபதேசியார் வேலை போய், விடுதிக் கணக்குப் பிள்ளையாக ஆனார். விரல்கள் மடங்கி ஒட்டிக்கொண்டதால் இடது கையால் எழுதப் பழகினார். பெட்டியைக் கொடுக்கும்போது கண்ணாடிகளைச் சரிபார்த்தோம். கடைசிக் கண்ணாடியில் கை இருந்த இடத்தில் சாயம் கருகி உரிந்திருந்தது. விளக்கின் சூடு என்றார்கள். சூடு மற்ற கண்ணாடிகளுக்கும்தானே பட்டது என்று நான் வாய்விட்டுக் கேட்டேன். அவர்கள் பெட்டியை மூடிப் பூட்டினார்கள்.

அறுபதுகளில் ஒரு மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். படுக்கையில் இருந்தபோது என்னிடம் கேட்டது ஒன்றுதான். “என் குழிமேல மெழுகுவத்தி வைக்காத. எனக்காக வேண்டிக்கவும் வேண்டாம். நான் பத்திரமா இருப்பேன்.” சரி என்றேன். சபைக் கல்லறையில் அவர் குழி வெறும் மண்ணாக இருந்தது. அடுத்த நவம்பரில், ஊரில் கத்தோலிக்கக் கல்லறை முழுக்க வெளிச்சமாக இருந்த சாயங்காலம், நான் பையில் மெழுகுவத்தியோடு அவர் குழிவரை போய், ஏற்றாமல் திரும்பினேன். அவ்வளவு துக்கம் எனக்கு அவர் செத்த அன்றுகூட இல்லை.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு சின்னப் பெண் என்னைத் தேடி வந்தாள். தாவணிக்கு மேலே தொண்டைக்குழியில் ஒரு தழும்பு. கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, நீங்கள் வந்து ஒரு தடவை அங்கே நிற்க வேண்டும் என்றாள். அவள் அப்பா இறந்துவிட்டிருந்தார். அங்கே என்றால் எங்கே என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. போனேன்.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. ஆலமரம் பெருத்திருந்தது. கல்லைக் கழுவிப் புது வேட்டி சுற்றியிருந்தார்கள். கைக்கடியில் ஓர் அகல் விளக்கு. நாலைந்து பெண்கள் இருமுகிற பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நின்று, பிள்ளைகளின் தொண்டையை அந்தக் கல்கையில் தொடவைத்துக்கொண்டிருந்தார்கள்.

“இது யாரும்மா?” என்று தெரிந்தே கேட்டேன்.

“என்னங்க இப்புடிக் கேக்குறீக?” என்றாள் அந்தப் பெண். “ஒங்க வீட்டுக்காரருங்க. தொண்டைக்காரசாமின்னு சொல்லுவாக. அந்தக் காலத்துல கைய எரிச்சுக்கிட்டு எனக்கு உசுரு குடுத்தவரு.”

வெள்ளைத் தாடி பிஷப்பை அங்கே யாருக்கும் ஞாபகம் இல்லை. அவருக்கு முன்னால் அந்த இடத்தில் புருஷன் சிதையில் எரிந்தவளை ஞாபகம் வைத்திருந்தவர் எப்போதும் இருந்ததில்லை. என்னையும் சேர்த்துத்தான். நான் கிட்டே போய் அந்தக் கையைப் பார்த்தேன். எண்ணெய் ஏறிய மணிக்கட்டில் வளையல்கள் தெளிவாகத் தெரிந்தன. விரல்கள் மட்டும் நான் முதலில் பார்த்தபடி விரிந்து இல்லை. உள்நோக்கி லேசாக மடங்கியிருந்தன, அவருடைய விரல்கள் மாதிரி. பிள்ளைகளின் தொண்டை பட்டுப் பட்டுத் தேய்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பெண்கள் எனக்கு வழிவிட்டு நெய்யும் திரியும் நீட்டினார்கள். சாமியோட சம்சாரம் கையால் ஏற்றினால் விசேஷமாம். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவருக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது. அந்த விளக்கை அணைத்துவிட்டு, இது தப்பு, அவருக்கு இது பிடிக்காது என்று கத்தியிருக்க வேண்டியவளும் நான்தான். அவர் இருந்தால் அதைத்தான் செய்திருப்பார்.

அப்போது கண்மாய்ப் பக்கமிருந்து காற்று வந்தது. சுடர் சாய்ந்து, நீலமாகி, திரியைவிட்டுக் கிளம்பப் பார்த்தது. யாரும் நகரவில்லை. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் உட்கார்ந்து, வளையல் இல்லாத என் வலது கையை வளைத்து, சுடரில் காற்று படாமல் மறைப்பாகப் பிடித்தேன். சுடர் நிமிர்ந்து நின்றது. உள்ளங்கை சுட்டது. காற்று ஓய்கிறவரை கையை எடுக்க எனக்கு மனசு வரவில்லை.